சோதினை முடியட்டும்

"நல்லாப் புடி கேதீஸ், ஆடுது," என்றார் கணவர் உதயரூபன், ஏணியின் உச்சியிலிருந்து.

கேதீஸ்வரி ஏணியின் காலைப் பிடித்திருந்தாள். மேலே அவளுடைய அண்ணன் வினாயகமூர்த்தி சிரித்துக்கொண்டிருந்தார். நேற்று விடியற்காலை நெஞ்சுவலியில் போனவர். சந்தி ஸ்டாண்டில் அவரோடு ஓட்டோ ஓடியவர்கள் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர் அது. கத்தி ஒரு பக்கக் கயிற்றை அறுத்ததும் அண்ணன் மடங்கி அவள் தோளில் சரிந்தார்.

"புள்ளட வேன் இதாலதான் போகும். கண்டாளெண்டா கணக்குப் பேப்பர் போச்சு."

"செத்தது அவட மாமாங்க."

"சோதினை முடியட்டும். மறுகா ஆறுதலாச் சொல்லுவம்."

போன மாதம்தான் 'பிள்ளைகளை அச்சமின்றி வளர்ப்போம்' என்று ஒரு மண்டபத்தில் முழங்கி, பொன்னாடையோடு வீடு வந்தவர் உதயரூபன். வந்த கையோடு மகளின் போனை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். காலையில் வேனுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போய், அவள் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்வரை ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்பார். மகள் மேனுகாவுக்குப் பதினாறு வயது. அவளுக்குச் சைக்கிள் ஓடத் தெரியும் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. வாவிக்கரை வீதியில் வைத்து மாமாதான் பழக்கிவிட்டார்.

"பேப்பர் முடிஞ்சதும் நேரா களுதாவளைக்கு, அண்ணன்ட வீட்டுக்குக் கூட்டி வாங்க. முகத்தையாவது பார்க்கட்டும்."

"பார்ப்பம்," என்றார், பேனரைச் சுருட்டியபடி.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பஸ் ஏறினாள்.

செத்த வீட்டில் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்.

"மருமகள் எங்ககா? அவள்ல உசிரா இருந்த மனுசன்."

"சோதினை," என்றாள். சொல்லச் சொல்ல வாய் கூசியது. ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து பார்த்தாள்.

"பெட்டி மூடப் போறம், முகம் பார்க்காதவங்க பாருங்க!"

"கொஞ்சம் பொறுங்க," என்று பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பொறுத்தார்கள். உதயரூபன் தனியாகத்தான் வந்தார், பெரிய மலர்வளையத்தோடு. அதில் மகளின் பெயரையும் எழுதுவித்திருந்தார்.

"நாளைக்குச் சயன்ஸ்," என்றார் காதோரம்.

அவள் கையை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து தலைமுழுகிவிட்டு மகளின் அறைக்குள் போனாள். மேனுகா புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"மாமாவ எடுத்துட்டாங்களாம்மா?"

கேதீஸ்வரி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஆரு புள்ள சொன்ன?"

"நேத்தே தெரியும். ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும்."

"என்னட்டக் கேட்டிருக்கலாமே மகள்."

"கேட்டா அப்பா விடுவாரா? ரெண்டு பேரும் சண்டை புடிப்பீங்க." பக்கத்தைப் புரட்டினாள். "அப்பாட்டச் சொல்லாதீங்க. பயந்துருவார்."

கதவு திறந்தது. உதயரூபன் முட்டைக்கோப்பி கொண்டுவந்திருந்தார். செத்த வீட்டுக்குப் போய்வந்த நாளில் அவர்கள் வீட்டில் முட்டை தொடுவதில்லை. ஆனால் இந்த அறையில் யாரும் சாகவில்லையே.

"மாமா போன் எடுத்தவர் மகள். நல்லா எழுதட்டாம்."

மேனுகா கோப்பையில் நின்ற நுரையைப் பார்த்தாள்.

"ஓம்ப்பா."

இரண்டு கையாலும் வாங்கினாள். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, நிறுத்தாமல் குடித்து முடித்தாள். மேலுதட்டில் மஞ்சள் நுரை ஒட்டியிருந்தது. கேதீஸ்வரி தன் தலையில் சுற்றியிருந்த ஈரத்துவாயின் நுனியால் அதைத் துடைத்துவிட்டாள்.