ஒற்றைக் கை கோட்டு

தையல்காரி பாதியில் விட்ட வேலைகள் அவளுக்குப் பின்னால் வரிசையாக நடந்து வந்தன. முன்னால் பொத்தானுக்குக் காஜா எடுக்காத சட்டைகள், அடுத்து ஓரம் மடிக்காத திரைச்சீலைகள், நடுவில் பாதி உரித்த வெங்காயம், கடைசியில் ஒரு கை மட்டும் வைத்த கறுப்புக் கோட்டு. வரிசை சாலையைக் கடக்கும்வரை பேருந்து ஓட்டுநர்கள் இறங்கி டீ குடித்துவிட்டு வருவார்கள். கோட்டு, தம்பியின் கல்யாணத்துக்கென்று வெட்டியது. அவன் மாமனாரின் தொளதொள கோட்டைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையாக நின்றான். அன்றோடு அக்காவிடம் பேச்சை நிறுத்தினான். சோம்பேறி என்றது வீடு, திமிர் என்றது தெரு. அவள் இரண்டையும் நம்பினாள். வெட்கத்தில் ஒருநாளும் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள், அவையும் வேகமாக நடந்தன.

நாற்பது தாண்டியபின் தூக்கம் வரவில்லை என்று டாக்டரம்மாவிடம் போனாள். தூக்கத்தைப் பற்றித் தொடங்கிய டாக்டரம்மாவின் விசாரணை பள்ளிக்கூடம், தொலைந்த சாவி, தீய்ந்த பாத்திரம் என்று எங்கெங்கோ போயிற்று. வாசலில் நின்ற வரிசைக்கு மற்ற நோயாளிகள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"இதுக்குப் பேரு ஏ.டி.ஹெச்.டி. கவனம் ஒரு இடத்துல நிக்காது. சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கு, யாரும் கண்டுக்கல. சோம்பேறித்தனம் இல்லம்மா."

"அப்போ இத்தனை வருஷமா என்னை நானே திட்டிக்கிட்டது?"

"வீண்தான்."

தையல்காரி முதலில் சிரித்தாள், பிறகு ஓவென்று அழுதாள். அழுகையைப் பாதியில் விட்டு, அங்கிருந்த திரைச்சீலையின் ஓரம் கோணல் என்றாள். அழுகை எழுந்து போய் வரிசையில் நின்றது.

வெளியே வந்து முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். குற்றம் சொல்ல வந்த கூட்டமென்று நினைத்திருந்தாள். அவை அவளை விட்டுப் போக மனமில்லாமல்தான் நின்றன. மாத்திரை தொடங்கியதும் வரிசை பாதியாயிற்று, வெங்காயம் வாணலிக்குப் போய்ச் சேர்ந்தது. கோட்டைத் தொட மட்டும் கை வரவில்லை. தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள்.

தம்பி தொப்பையோடு வந்தான். தெருப்புழுதி படிந்து, ஓரமெல்லாம் தேய்ந்து நின்ற கோட்டையே பார்த்தான்.

"நீ மறந்தே போயிட்டேன்னு நினைச்சேன்க்கா."

"மறந்திருந்தா இது ஏன்டா என் பின்னாடியே வருது?"

அவன் போட்டுப் பார்த்தான், பொத்தான் எட்டவில்லை. அவள் இரண்டாவது கையைக் குண்டூசியால் குத்தி நிறுத்தி, பக்கத் தையலைப் பிரிக்கும்போது அடுப்பில் பால் பொங்கியது. அணைக்கப் போனவள் அப்படியே செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். தம்பி சிரித்துக்கொண்டே கோட்டைக் கழற்றி வைத்தான். "நாளைக்கு வரேன்க்கா" என்று கிளம்பினான். கோட்டு அவன் பின்னால் நடந்தது. சாலையைக் கடக்கும்போது, அதன் குண்டூசி குத்தாத கையாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டான்.