கோணல் ஓட்டை

நடுவில் ஓட்டையைப் பெரிதாக வெட்டிய இசைத்தட்டை விவரம் தெரிந்த சேகரிப்பாளர் எவரும் தொடமாட்டார். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் பாடுமே ஜூக்பாக்ஸ், சில பெட்டிகளில் அதன் அச்சு கட்டைவிரலைவிடத் தடிமன். கடையில் விற்ற சின்னத் தட்டுகளிலோ பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. பெட்டிக்காரர்கள் வெட்டி அகலமாக்கினார்கள். மூளி என்று ஊரே ஒதுக்கிய அந்தத் தட்டுகளைத்தான் பல்லுக்காரி அள்ளிக்கொண்டு வந்தாள். அறுநூறைத் தாண்டிவிட்டது.

பல் மருத்துவர்களுக்குப் பல்செட்டு செய்து கொடுப்பது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் ஒருவர் சோற்றை மெல்ல முடியாது. அந்தக் கண்ணுக்கு எந்த வெட்டும் தப்பாது. அவசரக்காரன் எவன், பொறுமைசாலி எவன் என்று விளிம்பைத் தடவியே சொல்லிவிடுவாள்.

"எல்லாரும் பாட்டு வாங்குவாங்க, என் பொண்டாட்டி ஓட்டை வாங்குறா" என்பான் கணவன்.

"ஓட்டைவாயைக் கட்டிக்கிட்டவதானே, பழகிப்போச்சு" என்பாள் அவள்.

ஒரே ஒரு தட்டுக்கு மட்டும் அந்த வீட்டில் தடை. அது நாத்தனார் இருபத்திரண்டு வயதில் பாடியது. நல்ல குரல் என்று ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடியவள்தான். தட்டு வந்ததும் பார்த்தால், நீட்டிப் பாடிய இடமெல்லாம் சுருதி தள்ளாடியது. "நான் இப்படிப் பாடலையே" என்றாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தார்கள் பாவிகள்! அன்றோடு அவள் பாட்டை விட்டாள். முணுமுணுப்பதுகூடக் கிடையாது. இப்போது ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவு அவள் பொறுப்பில். பத்து இயந்திரம் ஓடினாலும் அவள் அதட்டல் கடைசிச் சுவர்வரை கேட்கும்.

"அந்தத் தட்டு இந்த வீட்டுப் படி ஏறிச்சுன்னா, அப்புறம் நான் ஏறமாட்டேன்" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். ஞாயிறுதோறும் தம்பி வீட்டில்தான் அவளுக்குச் சாப்பாடு. அவளுக்கு வேறு யாரும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பழைய சாமான் கடையில் அதே தட்டு பல்லுக்காரியின் கைக்கு வந்தது. "அது வேணாம்மா, ஓட்டையே கோணல்" என்றார் கடைக்காரர். உண்மைதான். நடுவில் பேர் ஒட்டிய காகிதத்தில் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். ஆனால் விளிம்பு வழவழவென்று இருந்தது. இவ்வளவு பொறுமையான கை எப்படிக் கோணலாக வெட்டும்? பையிலிருந்த அளவுகோலை எடுத்து, ஓட்டையிலிருந்து, பாட்டுப் பதிந்த கடைசிப் பள்ளம்வரை சுற்றிச் சுற்றி அளந்தாள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு.

அவளுக்குப் புல்லரித்தது. கோணல் இந்த வெட்டு இல்லை, தொழிற்சாலையில் போட்ட ஓட்டைதான்! மற்றவர்கள் அந்தச் சின்ன ஓட்டையில் வெட்டுக் கருவியின் முளையை நிறுத்தி, அதே கோணலோடு வெட்டினார்கள். இந்த ஒருவன் மட்டும் ஓட்டையை நம்பாமல் பள்ளத்தை நம்பியிருக்கிறான். ஓட்டை நடுவில் இல்லாவிட்டால் தட்டு தள்ளாடிச் சுற்றும், பாட்டின் சுருதியும் கூடவே தள்ளாடும்.

வீட்டுக்கு வந்து, நாளைக்கே நாத்தனாருக்குப் போட்டுக் காட்டப்போவதாகச் சொன்னாள்.

"வேணாம்டி, அக்கா செருப்பைக்கூட மாட்டாம போயிடுவா" என்றான் கணவன்.

"போனா நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

அவன் எழுந்து உள்ளே போனான். பிறகு பெட்டியடியிலிருந்து ஒரு தட்டை உருவிக் கொடுத்தான். அதே பாட்டின் வெட்டாத பிரதி. அக்காவுக்குத் தெரியாமல் இத்தனை வருடம் வைத்திருக்கிறான், கள்ளன்.

மறுநாள் மத்தியானம் மேஜைமேல் இரண்டு தட்டையும் பார்த்த நாத்தனார் வாசலிலேயே நின்றாள். முகம் சிவந்துவிட்டது.

"சொல்லியிருந்தேனா இல்லையா?"

"சொன்னீங்க அண்ணி. பாட்டைக் கேக்க வேணாம். பிளேயர்ல முள் இருக்கிற கையை மட்டும் பாருங்க. அப்புறம் போகணும்னா போங்க."

முதலில் வெட்டாததைப் போட்டாள். ஒவ்வொரு சுற்றுக்கும் கை உள்ளே போய் வெளியே வந்தது. குரலும் அதோடு ஆடியது. நாத்தனார் பல்லைக் கடித்தாள். பிறகு கோணல் ஓட்டைத் தட்டு சுழன்றது. இப்போது கை அசையாமல் மெல்ல உள்நோக்கி நகர்ந்தது. குரல் நிமிர்ந்து நின்றது.

நாத்தனார் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இதை வெட்டினது யாரு?"

"தெரியலண்ணி. யாரோ ஒரு மெக்கானிக்."

"அவனுக்கு ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். உடனே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முப்பத்தஞ்சு வருஷம்டா! கூடம் நிஜமாவே கோணல்டா!" என்று தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அவன் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டான்.

பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வந்தது. நாத்தனார் சட்டென்று கையை உயர்த்தினாள்.

"நிறுத்து. அந்த இடத்துல சுருதி இறங்குது பாரு."

பல்லுக்காரிக்குத் திக்கென்றது. குனிந்து பார்த்தாள். கை ஆடவே இல்லை.

"தட்டு மேல பழி போடாதே, அது சரியாத்தான் சுத்துது. அது நான் பண்ண தப்பு" என்றாள் நாத்தனார். எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா! பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த ஒரு வரியை எப்படிப் பாடியிருக்க வேண்டுமோ அப்படிப் பாடினாள்.