ருசி பார்க்காத சமையல்

"தூய மனத்தோடு சமைப்பவர் ருசி பார்க்கத் தேவையில்லை" என்பது, சைவச் சமையலும் ஆன்மீகமும் எழுதும் அம்மையாரின் கொள்கை. அவர் உப்பை மறப்பதும், தியானத்தில் கண்மூடியதும் கணவர் ஓசையின்றி அதைப் போடுவதும் அந்த வீட்டு வழக்கம்.

அன்று பதிப்பாசிரியர் சாப்பிட்டுப் பார்த்த பிறகே புதிய நூலை ஏற்பதாகச் சொல்லி வந்திருந்தார். காய்கறி சூப்பில் உப்பிட்டுவிட்டுக் கணவர் நிம்மதியாக அமர்ந்தார். முதல் வாயிலேயே பதிப்பாசிரியர் தண்ணீருக்குக் கை நீட்டினார்.

"நீயும் உப்பு போட்டியாம்மா?" என்று கணவர், பரிமாறிக்கொண்டிருந்த மருமகளின் காதைக் கடித்தார்.

"அத்தை மானம் போயிடக்கூடாதேன்னு இன்னிக்கு மட்டும் போட்டேன், மாமா!"

அம்மையார் ஒரு வாய் குடித்தார், முகம் மாறவில்லை.

"இன்னிக்கு பக்தி கொஞ்சம் கூடிடுச்சு" என்றார்.

"ஆஹா, அதையே தலைப்பா வெச்சுடலாம்மா!" என்றார் பதிப்பாசிரியர், இரண்டாவது தம்ளரைக் காலிசெய்தபடி.