வெளுத்த முகம்

அக்கா புருஷனுடைய ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் படம் திருத்தும் வேலை அவளுக்கு. அத்தான் எடுத்த கல்யாணப் படத்தில் வெளிச்சம் கூடிப்போய், மணப்பெண்ணின் வெள்ளை உடை மடிப்பே தெரியாமல் கிடந்தது. பிரகாசமான இடங்களை மட்டும் பிரித்தெடுக்கும் மாஸ்க் ஒன்றைப் போட்டு, முகத்தைத் தொடாமல் உடையின் வெளிச்சத்தை மட்டும் அடக்கினாள். கழுத்தோரம் சாம்பல் கோடு விழுந்தது. மாஸ்க்கின் அந்த விளிம்பை பிரஷால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யவே காலைப்பொழுது போயிற்று.

அவள் சாப்பிடப் போன நேரத்தில் அத்தான் உட்கார்ந்து, மேலே இன்னொரு அடுக்கு போட்டு, முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்க வைத்துவிட்டார்.

சாயங்காலம் வந்த மணப்பெண் திரையைப் பார்த்து முகம் சுளித்தாள். "இது யாருங்க?"

"எல்லாம் இவ பண்ண கூத்து. சொன்னா கேக்கமாட்டா," என்று அத்தான் கூசாமல் மச்சினியைக் கைகாட்டினார்.

அவளுக்குச் சுர்ரென்று உச்சிக்கு ஏறியது. மௌஸைப் பிடித்து அந்த மேலடுக்கை நீக்கினாள். மாநிற முகம் திரும்பியது. உடையின் மடிப்புகளும் துலங்கின.

"இதான் நான். இதையே போடுங்க," என்றாள் மணப்பெண்.

"இது நான் செஞ்சது. முன்னால பார்த்தது அத்தானோட கைவண்ணம்."

மணப்பெண் போனதும் அத்தான் கத்தினார். "வந்தவங்க முன்னாடி மானத்த வாங்கிட்டியே! உங்கக்காவுக்காகத்தான் உன்ன வச்சிருக்கேன்."

"அக்காவுக்காகத்தான் நானும் இத்தன நாள் வாய மூடிட்டு இருந்தேன்."

பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவதற்குள் அக்காவிடமிருந்து போன் வந்துவிட்டது.

"அவர்கிட்ட மன்னிப்புக் கேளுடி."

"என்ன நடந்துச்சுன்னு முதல்ல கேளுக்கா."

அக்கா கேட்கவில்லை.