பதினோராம் நாள் மாத்திரை

வெல்டருக்குக் கண் சிவப்பது ஒன்றும் புதிதல்ல. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வேலை பார்க்கிற மனுஷன். மாதம் இரண்டு முறையாவது கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது என்று வந்து நிற்பார். அதனால் அன்று காலை கண்கள் ரத்தமாகச் சிவந்து, உடம்பும் கொதித்தபோது, மனைவி ஈரத்துணியை நீட்டியபடி திட்டத்தான் செய்தாள்.

“தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, முகமூடியைப் போடுங்கன்னு! கேட்டாத்தானே?”

“நேத்து நான் வேலையே பாக்கலடி. நாள் பூரா கரண்ட் இல்ல.”

“ஆமா, பொய் வேற!”

மார்பில் சின்னச் சின்னதாகக் கருஞ்சிவப்புப் புள்ளிகள். தீப்பொறி பட்டிருக்கும் என்று அதற்கும் அவளே முடிவு கட்டிவிட்டாள்.

மாத்திரை விஷயத்தில் அவள் ரொம்பக் கறார். போன வருடம் சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்த மருந்தை அவர் பாதியில் நிறுத்தியதால், நோய் திரும்பி வந்து படாத பாடு படுத்தியது. இப்போது மறுபடி அதே தொற்று; இந்த முறை பதினான்கு நாள் மருந்து. தண்ணீரோடு எதிரே நின்று, விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் நகர்வாள். “ஜெயில் வார்டன் வந்தாச்சு” என்று கேலி செய்துகொண்டே அவரும் காட்டுவார். கண் சிவந்த அன்று பத்தாவது நாள்.

மறுநாள் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. வாயெல்லாம் புண். எச்சில்கூட இறங்கவில்லை. அதற்காக விட்டுவிடுவாளா? மாத்திரையைப் பொடித்துக் கரண்டியில் கரைத்து ஊட்டினாள். பிறகு முதுகைத் துடைத்தாள். துணியோடு தோலும் வந்தது.

ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“என்ன மருந்து சாப்பிடுறார்?” என்றார் டாக்டரம்மா.

“ஒரு வேளைகூட விடல டாக்டர். காலையிலகூட நான்தான் ஊட்டினேன்.” மாத்திரை அட்டையை நீட்டினாள்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. “இதுதாம்மா வேலையைக் காட்டியிருக்கு. அபூர்வமா சில பேருக்கு இப்படி ஆகும். கண்ணு சிவந்து புள்ளி வந்த அன்னைக்கே நிறுத்திட்டு ஓடி வந்திருக்கணும்.”

“பொழைச்சுடுவாரா?”

“ரெண்டு நாள் போகட்டும். கண்ணையும் பாக்கணும்.”

அடிப்பாவி, வேலையே பார்க்கவில்லை என்று அவர் சொன்னதைக் காதில் வாங்கினாயா என்று தன்னையே சபித்துக்கொண்டு கட்டிலருகே போனாள். இமைகள் ஒட்டிக் கிடந்தன. அவள் வளையல் சத்தம் கேட்டதும், வெல்டர் புண்ணான வாயை மெல்லத் திறந்து காட்டினார்.