கண்மாயைப் பார்த்த குழாய்கள்

இன்பராஜுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. பேட்டரியைத் துடைத்தான்; துடைத்ததையே மறுபடி துடைத்தான். திருச்சுழிக்குப் போகும் பாதையிலிருந்த அந்த ஊரில் மைக் செட்டு வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். எழுபதாம் வருஷத்து ஊராட்சித் தேர்தல் நேரம். சாயங்காலம் எதிர்க்கட்சியில் நிற்கும் கீழத்தெரு ராமலட்சுமியின் கூட்டம். இன்பராஜோ ஆளுங்கட்சி, அதுவும் வேட்டிக் கரைவரைக்கும் கட்சிக்காரன். அப்படியிருந்தும் அவளுக்குச் செட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தான்.

கேள்விப்பட்டதும் வெள்ளத்துரை வந்துவிட்டான். கட்சியின் கிளைச் செயலாளர், தலைவர் பதவிக்கு நிற்பவன், இவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

"ஏலே, பருத்தி எடுக்கப் போற பொம்பளைக்கு மைக்கு ஒரு கேடா? இல்லைன்னு சொல்லிரு."

"எட்டு வருசத்துக்கு முந்தி நாம எதிர்க்கட்சியா இருந்தப்ப நமக்கு எவனாச்சும் செட்டு குடுத்தானா? தொண்டை கட்டுற மட்டும் கத்துனோமே. அந்த வயித்தெரிச்சல்லதான இதையே வாங்குனேன்!"

"அது அவுக செஞ்ச அநியாயம்."

"இப்ப நீ செய்யச் சொல்றது?"

வெள்ளத்துரையின் முகம் சுருங்கியது. "சரி, குடு. ஆனா குழாயைக் கண்மாய்ப் பக்கமாத் திருப்பிக் கட்டு. இல்லைன்னா அம்மன் கோயில் பொங்கலுக்கு இனி வேற ஊரு செட்டுதான், ஆமா."

இன்பராஜ் வீட்டில் அடுப்பு எரிவதே கோயில் பொங்கல் வாடகையை நம்பித்தான். வாக்கும் போகக் கூடாது, பிழைப்பும் போகக் கூடாது. வேப்பமரத்தில் ஏறி, ஒலிபெருக்கிக் குழாய் இரண்டையும் ஊருக்கு முதுகு காட்டி, வறண்ட கண்மாயைப் பார்க்கக் கட்டினான். இறங்கியதும் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ராமலட்சுமி பேச ஆரம்பித்தாள். மரத்தடியில் முப்பது பேர். பஞ்சாயத்துக் கிணற்றில் கீழத்தெருக்காரர்கள் ஏன் கடைசியாகத்தான் தண்ணீர் இறைக்க வேண்டும் என்று கேட்டாள். மேலத்தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை; கண்மாயில் மேய்ந்த ஆடுகள்தாம் நிமிர்ந்து பார்த்தன. இன்பராஜ் பீடி பற்றவைத்தான், அணைத்தான். செட்டுக் கொடுத்தாயிற்று, இதற்குமேல் என்ன என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். பேச விட்டுவிட்டு ஊரின் காதை அடைப்பது என்ன நியாயம் என்று மனசு அரித்தது.

திடீரென்று அவள் இவன் பக்கம் கையை நீட்டினாள். "இந்தா ஒக்காந்திருக்காரே இன்பராஜண்ணே, மேடைக்கு மேடை சமத்துவம் பேசுறவரு! கீழத்தெருவுல எத்தனை கல்யாணம் நடந்துச்சு, ஒண்ணுக்காச்சும் குழாய் கட்ட வந்தாரா? எப்பக் கூப்பிட்டாலும் பேட்டரி ரிப்பேரு!"

இன்பராஜுக்கு முகம் எரிந்தது. அவள் சொன்னது அத்தனையும் நிஜம். மேலத்தெரு கோபித்துக்கொள்ளுமே என்று வருஷக்கணக்காகச் சொன்ன பொய். கை தானாகச் செட்டுப் பெட்டியின் ஒலித் திருகைத் தொட்டது. ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், அவள் குரல் அடங்கிவிடும். பேட்டரி தீர்ந்ததென்று இன்றைக்கும் சொல்லிக்கொள்ளலாம். சீ என்று கையை உதறிக்கொண்டு எழுந்தான். செட்டைக் கழற்றப் போகிறான் என்று நினைத்து அவள் பேச்சை நிறுத்தினாள்.

"நிறுத்தாத தாயி, பேசு," என்று சொல்லிவிட்டு மரத்தில் ஏறினான். கயிற்றை அவிழ்த்து இரண்டு குழாய்களையும் மேலத்தெருவுக்கு நேராகத் திருப்பினான். அவள் குரல் ஓட்டுக் கூரைகளில் மோதியது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

வெள்ளத்துரை வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்தான். "எறங்குலே கிறுக்கா! ஒன்னையத்தான நாறடிக்கிறா!"

"கேட்டுச்சு," என்றான் இன்பராஜ், கயிற்றை இறுக்கிக்கொண்டே. "ஊருக்கும் கேக்கட்டும்."