எழுதாமல் விட்ட இருபத்திரண்டு மார்க்

எழிலரசன் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். அவருடைய லைனில் வாரத்துக்கு நாற்பது பீஸ் ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடத்தில் அதை மூன்றுக்குக் கொண்டுவந்தார். கம்பெனி ஒரு சான்றிதழும் ஒரு ஹாட்பாக்ஸும் கொடுத்துப் பாராட்டியது. சான்றிதழ் சேரப்பணஞ்சேரி வீட்டு ஹாலில் தொங்கியது. ஹாட்பாக்ஸில் சப்பாத்தி இருந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை: ஒரு போர்டும் இரண்டு கலர் மார்க்கரும் இருந்தால் உலகத்தில் எந்தக் கோளாறையும் சரிசெய்துவிடலாம்.

மகள் கவிப்பிரியா பத்தாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் கணக்கில் ஐம்பத்து நாலு வாங்கி வந்தாள். எழிலரசன் திட்டவில்லை, கத்தவுமில்லை. உட்கார்ந்து யோசித்தார். அதுதான் அவர் மனைவி ரஞ்சனியை உஷாராக்கியது. அவள் படப்பையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்ப்பவள். தினமும் நூறு பேர் முகத்தைப் பார்த்தே நோய் சொல்லக்கூடியவள். கணவர் இப்படி அமைதியாக யோசித்தால் வீட்டில் ஏதோ மாட்டப்படப் போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அதேபோல் சனிக்கிழமை ஒரு வெள்ளை போர்டு வந்து இறங்கியது. கம்பெனி ஸ்கிராப்பில் கிடந்ததை முறைப்படி கேட் பாஸ் போட்டு வாங்கி, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்திருந்தார். முருகன் காலண்டர் சமையலறைக்குக் குடிபோனது. அந்த இடத்தில் போர்டு ஏறியது. ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டார்: திட்டம், முடித்தது, ரிஜெக்ட், காரணம். உச்சியில் சிவப்பு மார்க்கரில் பெரிதாக, ‘தப்பே கூடாது.’

“இன்னாங்க இது, வூடா கம்பெனியா?” என்றாள் ரஞ்சனி.

“டெய்லி பத்து கணக்கு. போட்டது எவ்ளோ, தப்பு எவ்ளோ, ஏன் தப்பு. கண்ணுக்கு எதிர்ல இருந்தா தானா குறையும்.”

“அப்ப எனக்கும் ஒண்ணு மாட்டுங்க. இன்னிக்கு பன்னெண்டு தோசை. ரெண்டு பிஞ்சி போச்சி.”

“கிண்டல் பண்ணாத.”

“காரணம், கல்லு” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

எழிலரசனுக்குப் பெரும்பாலும் காலை ஷிப்ட். மூன்றரை மணிக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும். கவிப்பிரியா பள்ளிவிட்டு வர நாலே முக்கால். ஐந்து மணிக்கு போர்டு முன்னால் மீட்டிங். நின்றுகொண்டுதான். உட்கார்ந்தால் மீட்டிங் நீளும் என்பது கம்பெனிப் பாடம். யூனிஃபார்மோடு, கையில் பாதி கடித்த பிஸ்கட்டோடு பெண் நிற்க, அப்பா மார்க்கரைத் திறப்பார். எந்தத் தப்பானாலும் ஐந்து தடவை ‘ஏன்’ கேட்டால் வேர் கையில் வந்துவிடும் என்பது அவர் கற்ற இன்னொரு பாடம்.

“க்ளாஸ் டெஸ்ட்ல ரெண்டு மார்க் ஏன் போச்சி?”

“கூட்டல்ல தப்புபா.”

“ஏன் தப்பு?”

“அவசரமா போட்டேன்.”

“ஏன் அவசரம்?”

“பெல் அடிக்கப் போவுதுன்னு.”

“ஏன்?”

கவிப்பிரியா அப்பாவை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். “ஏன்னா மணி பன்னெண்டே கால்பா. பன்னெண்டே காலுக்குத்தான் பெல்லு.”

அன்று லீவில் இருந்த ரஞ்சனியின் சிரிப்புச் சத்தம் சமையலறையிலிருந்து வந்து, கரண்டி விழுந்த சத்தத்தில் மறைந்துகொண்டது. எழிலரசன் காரணக் கட்டத்தில் ‘பெல்’ என்று எழுதிவிட்டு மீட்டிங்கை முடித்தார்.

பத்து நாள் போயிற்று. அதன்பிறகு போர்டு அழகாகிவிட்டது. திட்டம் பத்து, முடித்தது பத்து, ரிஜெக்ட் பூஜ்யம். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். எழிலரசனுக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோ எடுத்து வாட்சப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார். லைனில் வேலை செய்யும் சுபாஷ் அதைப் பார்த்துவிட்டுக் கேன்டீனில் கேட்டான்.

“சார், தெனமும் பத்துக்குப் பத்தா?”

“ஆமா.”

“நம்ம லைன்ல யாராவது இப்டி எழுதிக் காட்டினா நீங்க நம்ப மாட்டீங்களே சார்.”

“அது மெஷினு. இது என் பொண்ணு” என்றார் எழிலரசன். சாம்பார் சாதம் அதற்கப்புறம் அவருக்கு அவ்வளவாக இறங்கவில்லை.

அரையாண்டு மார்க் வந்தது. கணக்கில் ஐம்பத்தாறு.

இரண்டு மாதம், போர்டின்படி அறுநூறு கணக்கு, முதல் பத்து நாளைத் தவிர ஒரு தப்பும் இல்லை. மார்க் மட்டும் இரண்டுதான் ஏறியிருந்தது. எழிலரசன் போர்டையும் மார்க் ஷீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பள்ளியில் பெற்றோர் கூட்டம் சனிக்கிழமை. கேட்க வேண்டிய கேள்விகளை டைரியில் வரிசையாக எழுதிக்கொண்டு, இஸ்திரி போட்ட கம்பெனி சட்டையோடு போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்ச் சின்னது. முட்டி மேசையில் இடித்தது.

கணக்கு டீச்சர் அம்சவல்லி இருபது வருடமாகப் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர். டைரியைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தார். விடைத்தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தார்.

“கவிப்பிரியா அப்பாதானே? உங்க பொண்ணு எவ்வளவு மார்க்குக்குத் தப்பு பண்ணியிருக்கான்னு சொல்லுங்க பாக்கலாம்.”

“நாப்பத்தி நாலு மேடம்.”

“தப்பு பண்ணது இருபத்திரண்டு. மீதி இருபத்திரண்டு எழுதவே இல்ல.”

பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். இரண்டு மார்க் கேள்வி இரண்டு, ஐந்து மார்க் கேள்வி இரண்டு, எட்டு மார்க் வடிவியல் ஒன்று. கேள்வி எண் மட்டும் இருந்தது. கீழே வெள்ளை. வடிவியல் பக்கத்தை டீச்சர் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். காகிதத்தில் பென்சில் அழுத்திய தடம் தெரிந்தது. ஒரு வட்டம், வெளியே ஒரு புள்ளி, அதிலிருந்து வட்டத்தைத் தொட்டுப் போகும் இரண்டு கோடுகள். எல்லாவற்றையும் ரப்பர் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்திருந்தாள்.

“சரியா போட்ட படம் சார். இப்படியே விட்டிருந்தா ஆறு மார்க்காவது குடுத்திருப்பேன். பாதி போட்டாலே ஸ்டெப்புக்கு மார்க் உண்டு.”

“ஏன் மேடம் அழிச்சா?”

“நானும் கேட்டேன். ‘சந்தேகமா இருந்துச்சு மிஸ், தப்பாயிட்டா ரிஜெக்ட்ல வந்துடும்’னு சொன்னா.” டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “ரிஜெக்ட்னா என்ன சார்? நான் இத்தனை வருஷத்துல எந்தப் பிள்ளையும் சொல்லிக் கேட்டதில்ல.”

எழிலரசன் டைரியை மூடினார். அதில் எட்டுக் கேள்விகள் இருந்தன. ஒன்றைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. காதுமடல் சூடேறியது.

டீச்சருக்கு அவரைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. “இந்தக் கூட்டத்துக்கே வராத அப்பாக்கள் எத்தனையோ பேர். உங்களுக்கு அக்கறை இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் செய்யுங்க. அவ கணக்கு போடறப்போ பக்கத்துல உக்காருங்க. இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லுன்னு கேளுங்க. தப்பாப் போனா அவளே கண்டுபிடிக்கட்டும். நீங்க வாயத் திறக்காதீங்க.”

“எவ்ளோ நேரம் மேடம்?”

“அது உங்க பொண்ணு கையில இருக்கு.”

வீட்டுக்கு வந்ததும் எழிலரசன் மகளின் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தார். இதுவரை போர்டைத்தான் பார்த்திருக்கிறார், நோட்டைத் திறந்ததே இல்லை. தேதி போட்டு, மார்ஜின் விட்டு, முத்து முத்தாகத் தினம் பத்துக் கணக்கு. எல்லாமே முதல் பாடம். உறவுகளும் சார்புகளும். புரட்டப் புரட்ட அதே பாடம்தான். முடித்துவிட்டு மறுபடி முதல் கணக்கிலிருந்து தொடங்கியிருந்தாள். இப்படியே பல சுற்று.

டார்கெட் எட்டாத நாட்களில் லைனில் சில ஆப்பரேட்டர்கள் சுலபமான மாடலையே ஓட்டி எண்ணிக்கையைக் காட்டிவிடுவார்கள். அதைக் கையும் களவுமாகப் பிடித்துப் பேர் வாங்கியவர் எழிலரசன். அதே வேலை சொந்த ஹாலில், சான்றிதழுக்குப் பக்கத்திலேயே இரண்டு மாதமாக நடந்திருக்கிறது. அதை ஸ்டேட்டஸ் வேறு வைத்திருக்கிறார்.

கவிப்பிரியா கதவோரம் நின்றாள். வரப்போகும் ஐந்து ‘ஏன்’களுக்குத் தயாராகத் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரே பாடத்தையே போட்டுகினு இருந்துகீறியேம்மா.”

“நீங்க பத்து கேட்டீங்க. தப்பே இல்லாம கேட்டீங்க. எனக்கு இந்த ஒரு பாடத்துலதான் தப்பு வராது.”

“மத்தது?”

“மத்தது வருமா வராதான்னே தெரியாது. தெரியாதத எப்டிபா போர்டுல எழுதறது?” குரல் உடைந்துவிட்டது அவளுக்கு.

எழிலரசன் பழைய பனியன் துணியை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனார். நாலு கட்டமும் போயின. உச்சியில் இருந்த சிவப்பு எழுத்து காய்ந்து ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றது. ரஞ்சனி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். கிண்டலாக ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எழிலரசனுக்கு அதிகம் உறைத்தது.

“இது இனிமே உன்னுது” என்றார் மகளிடம். “கிறுக்கு, அழி, இன்னா வேணா பண்ணு. அந்தத் தொடுகோடு கணக்கு எனக்குச் சொல்லிக் குடு.”

“உங்களுக்கா? நீங்க பத்தாவதுல கணக்குல எவ்ளோபா?”

எழிலரசன் மார்க்கரின் மூடியை மூடினார், திறந்தார். “முப்பத்தஞ்சு.”

“முப்பத்தஞ்சா!” கவிப்பிரியாவுக்குக் கண்ணில் இருந்த ஈரம் அப்படியே நின்றுவிட்டது. “முப்பத்தஞ்சி வாங்கிட்டு ஐம்பத்தி நாலு வாங்கினவள நிக்க வெச்சி மீட்டிங் போட்டீங்களா? ம்மா, உனக்குத் தெரியுமா இது?”

“கல்யாணத்துக்கு முன்னாடி எழுபதுன்னு சொன்னாரு” என்றாள் ரஞ்சனி.

அன்று எழிலரசன் போட்ட கோடு வட்டத்தைத் தொடாமல் உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. “பா, இது தொடுகோடு இல்ல, வெட்டுக்கோடு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் மகள். மூன்றாவது தடவை அவர் சரியாகப் போட்டபோது அவள்தான் டிக் அடித்தாள், தன் பள்ளியில் டீச்சர் அடிப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அதற்குப்பின் மாலை ஐந்து மணிக்குத் தரையில் பாய் விரிப்பு. அவள் போர்டில் கணக்குப் போட்டு விளக்குவாள், அவர் கேட்பார். கேட்பதுதான் அவருக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலையாக இருந்தது. அவள் கூட்டலில் தடுமாறினால் போதும், அவர் உதடு துடிக்க ஆரம்பித்துவிடும். ரஞ்சனி லீவாக இருக்கும் நாளில் அதைக் கவனித்துவிட்டு ஒரு கிண்ணம் முறுக்கைக் கொண்டுவந்து முன்னால் வைப்பாள்.

“வாயி சும்மா இருக்கலன்னா இத மெல்லுங்க.”

அந்த ஜனவரியில் எழிலரசன் இரண்டு கிலோ எடை கூடினார்.

ஒருநாள் வழுக்கி விழவும் செய்தார். வேலையில் அன்று மெஷின் கோளாறு, மேலாளரிடம் திட்டு. வந்து உட்கார்ந்த வேகத்தில் மகள் போட்ட கணக்கைப் பார்த்து, “இது ஏன் இங்க மைனஸ்?” என்று பழைய குரலில் கேட்டுவிட்டார். கவிப்பிரியா மார்க்கரைக் கீழே வைத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எழிலரசன் கதவுக்கு வெளியே நின்றார். லைனில் யாரிடமும் அவர் மன்னிப்புக் கேட்டுப் பழகியதில்லை.

“கவி. கம்பெனியில வாங்கின திட்ட உங்கிட்ட எறக்கிட்டேன். தப்பு என்னுது.”

மூடிய கதவைப் பார்த்தே மேலும் சொன்னார்.

“அந்த மைனஸ் சரிதான்னு நெனைக்கறேன். எனக்குத்தான் புரியல.”

கதவு திறந்தது. “சரியில்லபா. அது ப்ளஸ்தான். நானும் இப்பதான் பாத்தேன்” என்றாள்.

முதல் திருப்புதல் தேர்வில் அறுபத்து மூன்று. தாளில் வெற்றிடம் இரண்டுதான் இருந்தது. இரண்டாவதில் அறுபத்தெட்டு, எல்லாக் கேள்வியும் எழுதியிருந்தாள். எட்டு மார்க் வடிவியலில் ஐந்து கிடைத்தது. ஒரு கோணத்தைத் தப்பாக அளந்திருந்தாள். அழிக்கவில்லை. அம்சவல்லி டீச்சர் அந்தத் தப்பான கோணத்துக்குப் பக்கத்தில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார். ஒரு தப்புக்குப் பக்கத்தில் நன்று என்று எழுதியதை எழிலரசன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். அன்று ஸ்டேட்டஸ் எதுவும் வைக்கவில்லை.

பொதுத்தேர்வு முடிந்து, வெயில் ஏறி, மே மாதம் ரிசல்ட் வந்தது. எழிலரசன் காலை ஷிப்ட்டில் இருந்தார். லைனில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. பத்து மணி டீ பிரேக்குக்கு லாக்கரைத் திறந்தபோது மகளிடமிருந்து ஏழு அழைப்புகள் வந்திருந்தன. கேன்டீன் வாசலில், கை கழுவும் குழாய்ப் பக்கமாக ஒதுங்கி நின்று கூப்பிட்டார்.

“கணக்கு எழுபத்தாறுபா! மொத்தம் நானூத்தி மூணு. அம்மாவுக்குச் சொல்லிட்டேன், கடையில வந்தவங்களுக்கெல்லாம் சாக்லெட் குடுக்குதாம்.”

“எழுபத்தாறா” என்றார் எழிலரசன்.

அவள் காத்திருக்கவில்லை. “எண்பது வந்திருக்கணும்பா. கோபுரம் கணக்கு ஒண்ணு வந்துச்சில்ல, முப்பது டிகிரியையும் அறுபதையும் மாத்திப் போட்டுட்டேன். கோபுரம் மூணு மீட்டர் உயரம்னு ஆன்சர் வந்துச்சி. மூணு மீட்டர்ல எங்கயாவது கோபுரம் இருக்குமா? நம்ம வூட்டு வாட்டர் டேங்க்கே அதவிட ஒசரம். எழுதி முடிச்சதும் எனக்கே சிரிப்பு வந்துடுச்சி. திருத்த டைம் இல்ல, அப்டியே விட்டுட்டு வந்துட்டேன். ஸ்டெப் மார்க் குடுத்திருப்பாங்க, இல்லபா?”

“குடுத்திருப்பாங்கம்மா.”

“இன்னும் கேளுங்க, கிராஃப்ல இன்னா பண்ணேன்னா…”

டீ பிரேக் பத்து நிமிடம். கவிப்பிரியா தான் செய்த தப்புகளை ஒவ்வொன்றாக, கோவையாக, சிரிப்போடு சொல்லிக்கொண்டே போனாள். எழிலரசன் டீயை மறந்துவிட்டு, ஈரத்தரையில் நின்றபடி உம் கொட்டிக்கொண்டிருந்தார். சங்கு ஊதியது. சுபாஷ் தூரத்திலிருந்து கையசைத்து, லைன் ஓட ஆரம்பித்துவிட்டது என்று ஜாடை காட்டினான். எழிலரசன் ஒரு விரலை உயர்த்தி, ஒரு நிமிஷம் என்று பதில் ஜாடை காட்டிவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.